பச்சைப் பொய்

எங்கள் அத்தானுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் பச்சைப்பொய். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பெயர் சும்மா வரவில்லை. நம் நாட்டுக் கொடியில் இடது ஓரமாகப் பச்சை இருக்கிறதே, அது தன்னுடைய லுங்கி என்பார். லுங்கியின் நிறம் மாதிரி என்று சொன்னாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். இல்லை, லுங்கியேதான் என்பார். கலர் கலராகப் பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு தைரியமாக ஒரே கலரில் நிற்கிறவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். பொய்யோடு எனக்கு நல்ல பழக்கம். சர்க்கரை எகிறிக் கிடக்கும், "இனிப்பைக் கண்ணாலகூடப் பார்க்கல சிஸ்டர்" என்பார்கள், சட்டைப் பையில் எறும்பு ஊரும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, முழுங்கிவிட்டேன் என்று வாயை ஆவென்று திறந்து காட்டுவார்கள். ஆள் கட்டிலில் வந்து உட்கார்ந்த உடனே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். அத்தான் விஷயத்தில் மட்டும் என் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் லுங்கியைத் தவிர வேறு எதிலும் அந்த மனுஷனுக்குப் பொய் வராது. காய்கறிக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், மறுநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். ஆபீசில் பெரிய அதிகாரி வந்து, "நான் வர்றதுக்கு முன்னாடி இங்க யார் தூங்கினது?" என்று கேட்டபோது, "நானும் சூப்பரின்டென்ட் ஐயாவும்" என்று சொன்னவர். அதோடு பதவி உயர்வு என்ற பேச்சே அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இவர் என்ன சொன்னார் தெரியுமா? "பொண்ணு தங்கம். கோபம் வரும்போது மட்டும் பக்கத்துல பாத்திரம் இல்லாம பார்த்துக்கணும்." அந்த இடம் அதோடு போயிற்று. அடுத்து வந்தவரிடமும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னார். அவர் சிரித்தார், அவரையே கட்டிக்கொண்டேன். அவரும் கடைசிவரைக்கும் வீட்டில் கண்ணாடி, பீங்கான் எதையும் சேர்க்கவில்லை, எல்லாம் எவர்சில்வர்தான். அவர் போன பிறகு நான் அக்கா வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டேன். கீழே அக்காவும் அத்தானும்.

லுங்கிக் கதை வெளியே வந்தது தெருமுனை சலூனில். அத்தான் ரிட்டையர் ஆன புதிதில் முடிவெட்டப் போயிருக்கிறார். ரேடியோவில் கொடி விளக்கம் ஓடிக்கொண்டிருந்ததாம். "பச்சை நிறம் நாட்டின் வளத்தைக் குறிக்கும்" என்று ரேடியோ சொல்ல, "இல்லீங்க, அது என் லுங்கி" என்று இவர் சொல்ல, சலூன்காரரின் கத்திரிக்கோல் காதோரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக வீட்டுக்கு வந்தார். பச்சைப்பொய் என்று பெயர் வைத்த புண்ணியவானும் அந்தச் சலூன்காரர்தான்.

அத்தான் சொல்லும் கதையை ஒரு வார்த்தை மாற்றாமல்தான் சொல்லுவார். அதனால் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

நாடு புதிதாக உருவாகிக்கொண்டிருந்த சமயம். ஒரு பழைய பங்களாவில் அத்தானுக்குப் பியூன் வேலை. தண்ணீர் வைப்பது, நாற்காலி துடைப்பது, மணி அடித்தால் ஓடுவது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறையும் ஒரு குழாயடியும் கொடுத்திருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான அக்காவைக் கூட்டிவந்து அங்கேதான் குடித்தனம் வைத்தார். பங்களாவுக்குள் தினமும் ஏழு பேர் உட்கார்ந்து கூட்டம் போடுவார்கள். எதற்கான கூட்டம் என்று இவரிடம் யாரும் சொல்லவில்லை. "சத்தம் போடறதுக்குன்னு கவர்மென்ட் ஒரு இடம் ஒதுக்கியிருக்குன்னு நெனச்சேன்" என்பார்.

அந்த ஏழு பேருக்கும் எட்டு அபிப்பிராயம். ஒருத்தர் சிங்கம் வேண்டும் என்பாராம். இன்னொருத்தர், சிங்கத்தைவிட யானை பெரிசு என்பாராம். ஒருத்தர் சேவல் படம் வரைந்து கொண்டுவந்தார். அது கூவுகிறதா கொட்டாவி விடுகிறதா என்பதிலேயே இரண்டு நாள் போனது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆளாளுக்கு நின்றார்கள். ஒருநாள் சண்டை முற்றி, சிங்கத்துக்காரர் மேஜையைத் தட்ட, யானைக்காரரின் டீ கவிழ்ந்து, நீல நிற மேஜை விரிப்பு பாழாயிற்று. அத்தான் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் துவைக்கக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்கா, "கொடி தொங்கிப்போச்சு, துணியெல்லாம் தரையில இடிக்குது, கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க" என்று சொல்லியிருக்கிறாள். இவரும் இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். காதில் அந்த வார்த்தை காயாமல் இருந்திருக்கிறது. உள்ளே மணி அடித்தது. தலைவர் கதவைப் பாதி திறந்து, "தம்பி, கொடியை எடுத்துட்டு வா. மடிக்காம, கசக்காம, விரிச்சபடியே கொண்டு வரணும்" என்றார். டெய்லர் தைத்துக் கொடுத்த, இன்னும் யாரும் பிரித்துப் பார்க்காத மாதிரிக் கொடி அலமாரிக்கு மேலே காகிதத்தில் சுற்றி இருந்தது. அது இவருக்கு எப்படித் தெரியும்? இவர் வீட்டில் கொடி என்றால் துணி காயப்போடுகிற கொடி. அது ஒன்றுதான் இவருக்குத் தெரிந்த கொடி.

பெரியவர்கள் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். நேரே பின்பக்கம் போனார். கயிற்றை இரண்டு பக்கமும் அவிழ்த்தார். ஒரு முனையை இவர் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஆபீஸ் கார் டிரைவர் கையில் கொடுத்து, கிளிப் போட்ட துணிகள் ஆடாமல் அசையாமல் அந்த ஏழு பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இடது பக்கம் பச்சை, நடுவில் மஞ்சள், வலது பக்கம் நீலம். மஞ்சளின் மேல்விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு.

அந்த அறையில் முதல் தடவையாக யாரும் பேசவில்லையாம். கடைசியில் சிங்கத்துக்காரர், "யானை இல்லை" என்றார், நிம்மதியாக. யானைக்காரர், "சிங்கமும் இல்லை" என்றார், அவருக்கும் நிம்மதி. சேவல் இல்லாததில் மற்ற எல்லோருக்கும் நிம்மதி. "எளிமையா இருக்கு" என்றார் தலைவர். "அந்த வெள்ளைக் கோடு ரொம்ப நல்லா இருக்கு, அதை எடுத்துடாதீங்க" என்றார் இன்னொருத்தர். ஏழு கைகளும் தூக்கப்பட்டன. துணிகளை அப்படியே காரில் ஏற்றி, இவற்றையே சேர்த்துத் தைத்து முதல் கொடி வேண்டும், நிறமும் அளவும் மாறக் கூடாது என்று டெய்லருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் கையில் வெறும் கயிறுதான் மிஞ்சியது.

இதுதான் கதை. பச்சை யாருடையது என்று கேட்டால், "என் லுங்கி" என்பார். நீலம், "மேஜை விரிப்பு." நடுவிலே மஞ்சள்? "அதை மட்டும் கேக்காதீங்க." எத்தனை பேர், எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே பதில்தான். மனுஷன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துவிடுவார். சலூன்காரருக்கு அது போதாதா? "பொய் சொன்னாலும் முழுசாச் சொல்லணும் சார். நீங்க நடுவுல ஓட்டை விட்டுட்டீங்க" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்லுவார். உட்கார்ந்திருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று வெகுநேரம் தலை வாருவார், அந்தத் தலையில் வாருவதற்கு ஒன்றும் இருக்காது.

கொடியை முடிவு செய்த பிறகுதான் அதற்கு அர்த்தம் வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. அர்த்தம் கண்டுபிடிக்க இன்னொரு கமிட்டி. அதில் ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்ததைத்தான் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிறார்கள். பச்சை வளத்தைக் குறிக்கும். நீலம் கடலையும் வானத்தையும் குறிக்கும். மஞ்சள், வெளியே தெரியாமல் உள்ளிருந்து நாட்டைத் தாங்கும் தாய்மையைக் குறிக்கும். அதன் மேலுள்ள வெண்கோடு, எல்லோரையும் இறுகக் கட்டி வைக்கும் ஒற்றுமையைக் குறிக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் அக்காவுக்கு இருமல் வந்துவிடும். அதிலும் "உள்ளிருந்து தாங்கும்" என்ற இடம் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடுவாள். டிவியில் கொடியேற்றம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவளுக்குக் கொஞ்சம்கூட நாட்டுப்பற்று இல்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன். ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சையும் முதுகையும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இருந்தாலும் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் வேளாவேளைக்குக் குடித்தாள்.

அத்தானிடம் நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். "அத்தான், தெருவே சிரிக்குது. இந்த லுங்கிப் பேச்சை விட்டுத் தொலைங்களேன்."

"நடந்ததைத்தானே சொல்றேன்" என்றார். பிறகு, "அந்த டிரைவரும் போய்ச் சேர்ந்துட்டான். ஏழு பேரும் போயாச்சு. நான் போறதுக்குள்ள ஒருத்தராவது நம்பினா போதும்மா" என்றார்.

"மஞ்சளுக்கு ஒரு வழியைச் சொல்லுங்க, நானே நம்பறேன்."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நானும் மாடிக்குப் போய்விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்ட, சிரித்த முகமான பெண். அந்தப் பழைய பங்களாவை மியூசியமாக்கப் போகிறார்களாம், கொடி உருவான கதையைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்களாம், அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் அத்தான் ஒருவர்தானாம். அத்தானைப் பார்க்க வேண்டுமே. இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் இன்னொரு தடவை இஸ்திரி போட்டார். சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு, போன இடத்தில் விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தார். "பார்ப்போம், கவர்மென்ட்டாவது நம்புதான்னு" என்றாராம் சலூன்காரர்.

அந்தப் பெண் போனை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். அத்தான் கதையைச் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவே இல்லை, நடுநடுவே நல்ல கேள்வியாகக் கேட்டாள். கிளிப் மரமா, பிளாஸ்டிக்கா? கயிறு எந்தப் பக்கத்துக் கொக்கியில் கட்டியிருந்தது? அத்தானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வர ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவள் கேட்டாள், "நடுவுல இருந்த மஞ்சள் துணி என்னதுங்க ஐயா?"

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா."

"யாரோடதுன்னாவது தெரியுமா?"

"கேக்காதீங்கம்மா."

அவள் பேனாவை மூடினாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. எங்க மேலதிகாரி ஒவ்வொண்ணையும் துருவித் துருவிக் கேப்பார். மூணுல ஒண்ணைச் சொல்ல மாட்டேன்னா மத்த ரெண்டை நான் எப்படிச் சேர்க்கறது? கட்டுக்கதைன்னு ஒதுக்கிடுவாங்க" என்றாள். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அத்தான் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ விட்டுடுங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேருக்குக் கெட்ட சேதி சொன்ன ஆஸ்பத்திரிக்காரி நான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது என் உள்பாவாடை."

திரும்பிப் பார்த்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"உள்பாவாடைம்மா. கல்யாணத்துக்கு எடுத்தது, மஞ்சள். மேல வெள்ளையா ஒரு கோடு போட்டுவச்சிருக்காங்களே, அது நாடா. பாவாடை நாடா. அதையாவது உருவிட்டுக் கொண்டுபோயிருக்கலாம். இந்த மனுஷனுக்கு எங்க தெரிஞ்சது?"

"நாடாவா?" என்றாள் அந்தப் பெண். பள்ளிக்கூடத்தில் படித்தது அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "எல்லோரையும் இறுகக் கட்டி வைக்கும்…"

"இறுக்கமாத்தான் கட்டுவேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்காவோ அணை உடைந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். "துணியைக் காயப்போட்டுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா கயித்தோட காணோம். திருடன் திருடன்னு கத்தறேன், பங்களாவுக்குள்ள கைதட்டற சத்தம் கேக்குது. அப்புறம் பெரிய மைதானத்துல கொடி ஏத்தினாங்க, குடும்பத்தோட வரச் சொல்லிட்டாங்கன்னு நானும் போனேன். நிமிர்ந்து பார்த்தா என் பாவாடை. ஊரே எழுந்து நிக்குது. பட்டாளம் சல்யூட் அடிக்குது. பூமி பொளந்து என்னை முழுங்கிடக் கூடாதான்னு இருந்துச்சு. டெய்லருக்குப் பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும், தைக்கிறவனுக்குத் தெரியாதா பாவாடை எது, கொடி எதுன்னு? கவர்மென்ட் வேலைன்னு வாயை மூடிட்டுத் தச்சுட்டான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். மஞ்சளைப் பத்தி யார்கிட்டயாவது வாயைத் திறந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அம்மா போயே எத்தனையோ வருஷமாச்சு. இவரு இன்னும் திறக்கல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் டீ டம்ளர் மட்டும்தான் இருந்தது, நல்லவேளை. "கூடப்பொறந்தவகிட்டகூடச் சொல்லத் தோணலையாக்கா உனக்கு? இருமல்னு நெனச்சு பாட்டில் பாட்டிலா மருந்து வாங்கிக் கொடுத்தேனே."

"உன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரி பூராவும் தெரிஞ்சிருக்கும்டி."

அது நிஜம். அத்தானைப் பார்த்தேன். பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, இத்தனை வருஷம் இந்த ஆளைச் சலூன் பெஞ்சில் உட்காரவைத்துச் சிரித்த எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஊசி போட வேண்டும் போலவும் இருந்தது.

அவரோ பதறிப்போயிருந்தார். "இதை எழுதிக்காதீங்கம்மா. அவ ஏதோ அவசரத்துல சொல்லிட்டா. எனக்கு லுங்கியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த மெஷினை அணைச்சிடுங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"அணைக்காதீங்க" என்றாள் அக்கா. "எழுதுங்க. அவர் பேச்சைக் கேக்காதீங்க."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்கா பக்கம் சாய்ந்தாள். எழுதினாள்.

கண்காட்சி திறக்கிற அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் அழைப்பு வந்தது. சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு, கூப்பிடாமலே கூட வந்தார். பங்களாவுக்கு வெள்ளையடித்து அடையாளமே தெரியவில்லை. அத்தானும் அக்காவும் குடித்தனம் நடத்திய பின்பக்கத்து அறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் சண்டை போட்ட அதே அறையில், கண்ணாடிக்குப் பின்னால் முதல் கொடி. ஒரு அமைச்சர், நாலைந்து அதிகாரிகள், சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், நிற்க இடமில்லை. கொடிக்குக் கீழே ஒரு அட்டை.

சலூன்காரர்தான் முண்டியடித்துப் போய் சத்தமாகப் படித்தார். "பச்சை, கூட்ட அறை உதவியாளரின் லுங்கி." நிறுத்தினார். திரும்பி அத்தானைப் பார்த்தார். அந்த வாய் பேசாமல் இருந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அடுத்த வரியைப் படித்தார். "நீலம், கூட்ட மேஜையின் விரிப்பு." அடுத்தது. "மஞ்சள், குடும்பத்தினர் கூற்றுப்படி ஒரு பெண்ணின் ஆடையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது."

சலூன்காரருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. "பார்த்தீங்களா? கவர்மென்ட்டுக்கும் நடுவுல சந்தேகம்தான். நடுவு ஆட்டம் கண்டா மத்தது எப்படி நிக்கும்?" என்றார். பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அத்தான் வழக்கம்போலத் தானும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அக்கா யாரையும் விலக்கச் சொல்லவில்லை. தானே விலக்கிக்கொண்டு போனாள். அட்டைக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்ற அதிகாரியிடம் போய் நின்றாள். "கருதப்படுகிறதாமே, யாருங்க கருதறது?"

"நீங்க…"

"அதைக் கட்டினவ. நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், அதுக்குள்ள என்ன கருதறீங்க? ஆடைன்னா என்ன ஆடை? பாவாடைன்னு எழுதுங்க."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, தேசியக் கொடி. குழந்தைங்கல்லாம் வர்ற இடம். கொஞ்சம் நாசூக்கா இருக்கட்டுமேன்னுதான்…"

"குழந்தைங்க வீட்டுல அம்மா இல்லையா? பாவாடையைப் பார்த்ததில்லையா அதுங்க?" பிள்ளைகள் வரிசையில் ஒன்று பொத்துக்கொண்டு சிரித்தது, டீச்சர் அதை முறைத்தார், முறைத்துவிட்டுத் தானும் கர்சீப்பை எடுத்தார்.

அத்தான் பின்னாலேயே போய் அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "விடு, வா போலாம். லுங்கின்னு போட்டுட்டாங்கல்ல, எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றாள் அக்கா. கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் நகரவும் இல்லை. சாதாரணமாகப் பால்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள். சலூன்காரர் பக்கம் திரும்பினாள், அமைச்சர் பக்கமும் திரும்பினாள், யாரிடம் சொல்வது என்று பார்க்காமல் மொத்த அறைக்குமாகச் சொன்னாள்.

"இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, கேக்கிறவங்ககிட்ட மஞ்சள் ஒரு பெட்ஷீட்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்க மாட்டாரா? என் மானமும் போயிருக்காது, இவர் மானமும் போயிருக்காது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம இத்தனை வருஷம் இந்தத் தெருவுல பொய்யன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்கார்."

சலூன்காரர் கையில் வைத்திருந்த அழைப்பிதழை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். காப்பகத்துப் பெண் எங்கிருந்தோ வந்து, அதிகாரியின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து, அட்டையில் "குடும்பத்தினர்" தொடங்கி "கருதப்படுகிறது" வரைக்கும் ஒரே கோடாக அடித்தாள். மேலே "பாவாடை" என்று எழுதினாள். அதிகாரி தடுக்கவில்லை.

அத்தான் அதைப் படிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு, ஏதோ பெரிய கணக்கைப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"பெட்ஷீட்டுன்னு சொல்லியிருக்கலாமா?" என்றார். "எனக்குத் தோணவே இல்லையே."